சூரியன் மறைவதற்குள்!
வரிப் பாக்கியும் நில ஏலமும்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்லும் பாதையில் மேற்கே மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. அதன் அடிவாரத்தில் தென்னந்தோப்புகளும், மாந்தோப்புகளும், கண்மாய்ப் பாசன நஞ்சைகளும் கண்ணுக்கு விருந்தாகின்றன. இந்த நிலங்களில் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு சர்வே எண் உண்டு; பட்டா உண்டு; பட்டாவில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயருக்கு உரியவர் சர்க்காருக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தத் தவறினால் நிலம் என்ன ஆகும்?

“ஏலத்துக்குப் போய்விடும்” என்று பெரியவர்கள் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். எப்படிப் போகும், போகாமல் தடுக்க வழி உண்டா, போனபின் மீட்க முடியுமா என்று கேட்டால் விடை சொல்லக்கூடியவர்கள் சிலரே. நிலத்தை இழக்கும் குடும்பங்களில் பல, பணமில்லாமையால் மட்டும் இழப்பதில்லை. இந்த விடைகளை அறியாமையாலும் இழக்கின்றன. ஆகவே, நேயர்களுக்கு இவ்விஷயத்தைச் சற்று விளக்கமாகக் கூற விரும்புகிறோம்.

கிட்டியும் அண்ணாந்தாளும்

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தாலுகா 1910 வரை திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அந்த ஆண்டில் அமைந்த ராமநாதபுரம் ஜில்லாவில் சேர்ந்து, 1985 முதல் விருதுநகர் மாவட்டத்தில் அடங்கியிருக்கிறது. ஜில்லா மாறினாலும் வரிப் பாக்கிக்கு நிலத்தை விற்கும் சட்டம் மாறவில்லை. 1864-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் இயற்றிய வருவாய் வசூல் சட்டமே இன்றளவும் நடைமுறையில் இருக்கிறது.

அதற்கு முன் நடந்ததை நினைத்தால் உள்ளம் கொதிக்கும். கும்பெனி ஆட்சியில், கிஸ்தி கட்ட முடியாத குடியானவனின் விரல்களைக் கட்டைகளுக்கிடையில் வைத்து நெரிப்பார்கள். அதற்குக் கிட்டி என்று பெயர். தலையைக் காலோடு வளைத்துக் கட்டி வெயிலில் நிறுத்துவார்கள்; அதற்கு அண்ணாந்தாள் என்று பெயர். இக்கொடுமைகளைப் பற்றி விசாரிக்க ஏற்பட்ட கமிஷன் 1855-இல் அறிக்கை வெளியிட்டது. அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் மேற்கூறிய சட்டம் பிறந்தது. அந்நியர் இயற்றிய சட்டந்தான், கடுமையானதுந்தான். எனினும் அதனுள் குடியானவன் தப்பிப்பதற்குச் சில வாசல்களையும் வைத்திருக்கிறார்கள்.

சட்டத்தின் படிகள்

நிலத்தை ஜப்தி செய்வதற்கு முன் பாக்கிதாரருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் தரவேண்டும். அவர் அகப்படாவிட்டால், வீட்டிலுள்ள வயது வந்த ஆண்மகனிடமாவது ஏஜெண்டிடமாவது கொடுக்கலாம். கடைசியாக அவர் வசித்த வீட்டிலோ நிலத்திலோ ஒட்டியும் விடலாம்.

ஏலத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பு விளம்பரம் வெளியாக வேண்டும். கலெக்டர் ஆபீஸ், தாலுகா கச்சேரி, பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷன், விற்கப் போகும் நிலம் ஆகிய நான்கு இடங்களிலும் அதை ஒட்டவேண்டும். பாக்கிதாரர் பெயர், நிலத்தின் விஸ்தீரணம், ஏலம் நடக்கும் நாள், இடம் எல்லாம் அதில் காணப்படும். கூடியவரையில், பாக்கி தீருவதற்குப் போதுமான பகுதியைத்தான் விற்கலாமே தவிர, சிறு தொகைக்காக முழுத் தோப்பையும் விற்றுவிடக் கூடாது என்பதும் சட்டத்தின் கருத்து.

இனி முதல் வாசலைப் பார்ப்போம். ஏலத்துக்கு முந்திய நாள் சூரியன் மறைவதற்குள் பாக்கி, வட்டி, செலவு முழுவதையும் கொண்டு வந்து கட்டிவிட்டால் ஏலம் நின்றுவிடும். பாக்கிதாரர்தான் கட்டவேண்டும் என்பதில்லை. அவர் சார்பில் வருபவரோ, நிலத்தில் பாத்தியதை உள்ளவரோ கட்டினாலும் போதும்.

அந்தப் பொழுதும் தவறி, ஏலம் நடந்து விட்டதா? உயர்ந்த கேள்வி கேட்டவர் நூற்றுக்குப் பதினைந்து வீதம் அப்பொழுதே கட்டவேண்டும். மீதியை முப்பது நாளில் கட்டவேண்டும். தவறினால் கட்டிய பணம் பறிபோகலாம். நிலம் மறுபடியும் ஏலத்துக்கு வரும். அந்த முப்பது நாளும் பழைய சொந்தக்காரருக்கும் தவணையாகும். பாக்கி முழுவதையும், ஏலம் எடுத்தவருக்காக ஏலத் தொகையில் நூற்றுக்கு ஐந்தும் செலுத்தினால் ஏலத்தை ரத்துச் செய்யலாம். விளம்பரத்திலோ ஏலத்திலோ பெரிய முறைகேடு நடந்து, அதனால் கணிசமான நஷ்டம் ஏற்பட்டிருந்தால், அதே முப்பது நாளுக்குள் கலெக்டருக்கு மனுச் செய்துகொள்ளலாம். அதன் பிறகு ஏலம் உறுதியாகிவிடும்.

மிச்சம் யாருக்கு?

ஏலத் தொகையில் பாக்கியும் செலவும் போக மிச்சம் இருந்தால், நீதிமன்றத் தடை இல்லாதபோது, அதைப் பாக்கிதாரருக்கே கொடுக்கவேண்டும் என்று 1864-ஆம் வருஷத்துச் சட்டம் கூறுகிறது. இது இயற்கையான நியாயந்தானே என்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் செல்வத்தில் சிறந்த அமெரிக்காவில்கூட அண்மைக்காலம் வரையில் எல்லா இடத்திலும் இந்த நியாயம் வழங்கவில்லை. அங்கே கவுண்டி என்னும் ஜில்லா நிர்வாகங்கள் வரிப் பாக்கிக்கு வீடுகளை விற்கின்றன. மின்னசோட்டா ராஜ்யத்தில் ஹென்னெபின் என்னும் கவுண்டி, ஒரு மூதாட்டியின் சுமார் 15,000 டாலர் பாக்கிக்காக அவருடைய வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. 94 வயதான அவ்வம்மையாரின் வழக்கில், இது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அந்நாட்டுச் சுப்ரீம் கோர்ட் 2023-இல் ஏகமனதாகத் தீர்ப்புக் கூறியது.

நம் நாட்டிலோ நியாயம் ஏட்டில் இருந்தும், ஏலம் மக்களை அடக்கும் ஆயுதமாகவும் பயன்பட்டதுண்டு. பர்தோலியில் நிலவரியை நூற்றுக்கு 22 வீதம் உயர்த்தினார்கள். 1928-இல் ஸர்தார் வல்லபபாய் படேலின் தலைமையில் உழவர்கள் வரி கட்ட மறுத்தார்கள். நிலங்களும் மாடுகளும் ஜப்தியாயின. முடிவில் விசாரணைக் கமிட்டி, ஆறு சதவிகிதத்துக்குச் சற்று மேற்பட்ட உயர்வுதான் நியாயம் என்றது. நிலங்களும் உழவர்களிடம் திரும்பின. ஜப்தியின் பின்னாலுள்ள வரி நியாயமானதா என்று கேட்கும் உரிமையைப் பர்தோலி நமக்குத் தேடித் தந்தது.

பட்டாவில் யார் பெயர்?

இன்று நிலவரி பெரும் பாரமாக இல்லை. ஆனால் சர்க்காருக்குச் சேரவேண்டிய வேறு பல பாக்கிகளையும் இச்சட்டத்தின் முறைப்படியே வசூலிக்கிறார்கள். ஏலம் கேட்கப் போகிறவர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். அந்த நிலத்தின் வரிப் பாக்கிக்கே விற்றால், அடமானம் முதலிய வில்லங்கங்கள் நீங்கிய நிலம் கிடைக்கும். வேறு பாக்கிக்காக விற்றால் பாக்கிதாரருக்கு இருந்த உரிமை மட்டுமே கிடைக்கும். பழைய அடமானமும் கூடவே வந்து சேரும்.

நிலமுள்ள குடும்பத்தினர் கவனிக்கவேண்டியதோ வேறு. தகப்பனார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். பிள்ளைகள் சென்னையிலும் பம்பாயிலும் உத்தியோகத்தில் இருப்பார்கள். பட்டா மட்டும் தகப்பனார் பெயரிலேயே இருக்கும். நோட்டீஸ் அவர் பெயருக்குத்தான் வரும்; பூட்டிய வீட்டுக் கதவிலோ தோப்பு வேலியிலோ ஒட்டப்பட்டு மழையில் கரையும். முப்பது நாளும் கழிந்தபின் பிள்ளைகள் ஊருக்கு வந்து பார்த்தால், வேலிக்குள் வேறொருவர் தேங்காய் பறித்துக்கொண்டிருப்பார்.

சட்டம் வைத்திருக்கும் வாசல்கள் விழித்திருப்பவர்களுக்கே பயன்படும். அடுத்த முறை ஊருக்குப் போகும் நேயர்கள், ஆண்டாள் சந்நிதியில் தரிசனம் செய்துவிட்டுத் தாலுகா ஆபீஸுக்கும் ஒரு நடை போய், பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, பாக்கி ஏதேனும் உண்டா என்று விசாரித்து வருவார்களாக!