சந்திர ஆராய்ச்சியில் சாமானியரின் பங்கு

2019 செப்டம்பர் 7-ஆம் தேதி அதிகாலையில், சந்திரனின் தென்துருவப் பிரதேசத்தை நோக்கி இறங்குகையில் தொடர்பு அறுந்துபோன இந்தியாவின் விக்ரம் தரையிறங்கு கலத்தின் சிதறலை முதன்முதலில் அடையாளங்கண்டவர், சென்னையில் வசித்த சண்முக சுப்பிரமணியன் என்னும் பொறியாளர். நாஸாவின் சுற்றுகலம் செப்டம்பர் 17-ல் எடுத்து உலகத்தாருக்குப் பொதுவில் வைத்த படத்தை, அதே இடத்தின் பழைய படத்தோடு அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டு, முன்பு இல்லாத ஒரே ஒரு வெண்புள்ளியைக் கண்டு அவர் எழுதியனுப்ப, பின்னர் எடுத்த தெளிவான படங்களால் அதைப் பரிசோதித்த நாஸா விஞ்ஞானிகள், டிசம்பர் 2-ல் அவர் பெயரைக் குறிப்பிட்டே உண்மையை அறிவித்தார்கள். அந்தத் துண்டு, கலம் மோதிய இடத்துக்கு வடமேற்கே ஏறத்தாழ 750 மீட்டர் தொலைவில் கிடந்தது.

திங்களூரில் சந்திரனுக்குச் சந்நிதி அமைத்து வழிபட்டு, பஞ்சாங்கம் கேட்டு நாற்றுவிடும் காவிரிப் படுகைக்கு, நிலவைக் கூர்ந்து நோக்கும் இத்தகைய பணி அந்நியமானதன்று. மலையோ குன்றோ மறைக்காத நெல்வயல் வெளியில், கிழக்கே உதிப்பதும் மேற்கே அஸ்தமிப்பதும் அடிவானம் வரை துலக்கமாகத் தெரிவது தஞ்சைச் சீமைக்கு வாய்த்த பாக்கியம்.

இங்கிருந்து செய்யத்தக்கவை இரண்டு. பூரண கிரகணத்தின்போது சந்திரன் கொள்ளும் நிறத்தை, பிரெஞ்சு வானியலாளர் ஆந்திரே தான்ஜோன் வகுத்த 0 முதல் 4 வரையிலான படிகளில் வெறுங்கண்ணாலேயே மதிப்பிடலாம். பூமியின் வாயுமண்டலம் வளைத்து அனுப்பும் ஒளியே அந்தச் செம்மைக்குக் காரணமாதலால், 1991-ல் பினாடுபோ எரிமலை கக்கிய தூசி, 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலவை ஏறக்குறைய கருமையாக்கியது. மற்றொன்று, சந்திரன் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் கணத்தைத் தொலைநோக்கி வழியே குறிப்பது. காற்றில்லாத விளிம்பாகையால் நட்சத்திரம் படிப்படியாக மங்காமல் சட்டென்று அணையும். வெவ்வேறு ஊர்களில் குறித்த அந்த நேரங்களைச் சேர்த்துப் பார்த்தால் விளிம்பின் மேடுபள்ளங்கள் வெளிப்படும். அணைவது இரு படிகளாக நிகழுமாயின், ஒன்றெனத் தோன்றியது இரட்டை நட்சத்திரமென்று அறியலாம்.

இவற்றுக்கெல்லாம் விலையுயர்ந்த கருவியைவிட இன்றியமையாதது குறிப்பின் நேர்மை. ஊரின் அட்சரேகை, தீர்க்கரேகை, சரிபார்த்த கடிகாரத்தின் நேரம், மேகமும் பனியும் இருந்த நிலை ஆகியவற்றை அந்த இடத்திலேயே எழுதாத குறிப்பு, எவ்வளவு ஆர்வத்தோடு எடுத்ததாயினும் ஆராய்ச்சிக்கு உதவாது. ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதிய குறிப்போ ஆண்டுகள் பல கழிந்தும் பயன்படும்.

2028 டிசம்பர் 31 இரவு, சம்பா கதிர் முற்றும் மார்கழியில், பத்தரை மணிக்குச் சற்று முன் உச்சம் எய்தும் பூரண சந்திர கிரகணத்தை நம் ஊர்களிலிருந்தே காணலாம். பள்ளி ஆசிரியர்கள் இப்போதிருந்தே மாணவர்களை மாதந்தோறும் நிலவைப் பார்த்து எழுதப் பழக்குவார்களானால், அன்றிரவு தஞ்சை மாவட்டம் ஒன்றிலிருந்தே நம்பத்தக்க குறிப்புகள் நூற்றுக்கணக்கில் கிடைக்கும்.