யந்திரத்தின் அருகே ஒரு மனிதர்

கனடாவிலும் இங்கிலாந்திலும் வாழும் உறவினரைக் காணச் சென்று திரும்புவோர், அங்குள்ள பேரங்காடிகளில் காசாளர் இல்லாத வாயில்களைக் கண்டு வியந்து பேசுவதுண்டு. வாடிக்கையாளர் தாமே சாமான்களை யந்திரத்திற் பதிந்து, தாமே பணம் செலுத்தி, தாமே பையிலிட்டு வெளியேறுகின்றனர். இதனை நாம் இங்கு சுயகணக்கு யந்திரம் என்போம். இதற்குச் சட்டம் எல்லை வகுக்கவேண்டுமா என்பது அமெரிக்காவில் இன்று பெரிய வாதமாகியுள்ளது.

இம்மாற்றம் ஒரே நாளில் வந்ததன்று. முன்னாளிற் சாமான்கள் யாவும் கடைக்காரரின் பின்னால் இருந்தன. கேட்டதை அவர் எடுத்துத் தருவார். 1916ஆம் ஆண்டில் மெம்பிஸ் நகரிற் கிளரன்ஸ் சோண்டர்ஸ் என்பார் ‘பிக்லி விக்லி’ என்னும் கடையைத் திறந்து, வாடிக்கையாளரே கூடையுடன் சென்று பொருள்களை எடுத்துக்கொள்ளச் செய்தார். 1986ஆம் ஆண்டில் அற்லாண்டா நகரத்து அங்காடி ஒன்றில், டேவிட் ஹம்பிள் என்பார் ஆக்கிய யந்திரத்தின் துணையால், விலை பதியும் வேலையும் வாடிக்கையாளரின் கைக்கு வந்தது.

யந்திரம் பொதியில் அச்சிட்ட கோடுகளைப் படித்து விலையைப் பதிகின்றது. பல யந்திரங்களிற் பை வைக்கும் தட்டின் கீழே ஒரு தராசும் உண்டு; பதிந்த பொருள்தான் தட்டில் வைக்கப்பட்டதா என அது நிறையைக் கொண்டு சோதிக்கும். இரண்டொரு பொருள் வாங்குவோருக்கு இதனால் நேரம் மிச்சமாகும். ஆனால், நிறை சற்று மாறினாலும் யந்திரம் நின்றுவிடும். பார்வை குறைந்த முதியவர் திரைமுன் திகைத்து நிற்பார். அப்பொழுது உதவிக்கு வரவேண்டியவர் ஒரு சிப்பந்தியே. பல யந்திரங்களை ஒருவரே கவனிக்க நேர்ந்தால், உதவியும் காவலும் அவர் ஒருவர் மீதே சுமத்தப்படும். களவு நிகழ்ந்தாற் கேள்விக்கு விடை கூறவேண்டியவரும் அவரே.

சட்டம் இங்கேதான் தலையிடுகின்றது. கலிபோர்ணியா மாநிலத்தில் 2012ஆம் ஆண்டு முதல் இவ்யந்திரங்களின் வழியாக மதுபானம் விற்கலாகாது. வாங்குபவர் சிறுவரா, முன்னரே வெறியிலிருப்பவரா என்பதை அறிய மனிதக் கண் வேண்டுமன்றோ! அம்மாநிலத்தின் லோங் பீச் நகரசபை 2025ஆம் ஆண்டில் மேலும் ஒருபடி சென்றது. பெரிய உணவு, மருந்து அங்காடிகளில் மூன்று யந்திரங்களுக்கு ஒரு சிப்பந்தியேனும் நிற்கவேண்டும். அவ்வேளையில் அவருக்கு வேறு வேலை கொடுக்கலாகாது. 15 பொருள்களுக்கு மேல் யந்திரத்திற் பதியலாகாது. காசாளர் அமரும் வாயில் ஒன்றேனும் திறந்திருக்கவேண்டும் என அது விதித்தது.

வர்த்தகரின் மறுப்பையும் நாம் கேட்கவேண்டும். ஆட்செலவு கூடும், அது விலையில் ஏறும் என்கின்றனர் அவர்கள். அந்நகரின் சில அங்காடிகள் விதி வந்தபின் யந்திரங்களையே மூடிவிட்டன. விரைவாகச் செல்ல எண்ணியோரும் வரிசையில் நிற்க நேர்ந்தது. மாநிலம் முழுவதற்கும் இத்தகைய சட்டம் இயற்ற 2024ஆம் ஆண்டில் எடுத்த முயற்சியும் நிறைவேறவில்லை.

நடுவழி ஒன்று இல்லையா? ஒறிகன் மாநிலத்தின் பெட்றோல் நிலையங்கள் ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றன. நம் நாட்டிற் போலவே அங்கும் சிப்பந்திகளே பெட்றோல் நிரப்பினர். வாகனக்காரர் தாமே நிரப்புவதை 1951ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2023ஆம் ஆண்டில் அத்தடை நீங்கியது. ஆயினும், சனத்தொகை மிகுந்த மாவட்டங்களில் நிலையத்தின் பம்பிகளிற் பாதிக்கு மேல் சுயசேவைக்கு விடலாகாது. இருவகைக்கும் விலை ஒன்றாகவே இருக்கவேண்டும். விரைபவருக்கும் வழியுண்டு, உதவி வேண்டுபவருக்கும் வழியுண்டு.

இதுவே தக்க நெறியென நாம் கருதுகின்றோம். யந்திரத்தை விலக்குவது சட்டத்தின் வேலையன்று. மூன்றுக்கு ஒருவரா, ஆறுக்கு ஒருவரா என்பதை அனுபவம் தீர்மானிக்கலாம். ஆனால், தடுமாறும் முதியவருக்குக் கைகொடுக்க ஒருவர் அருகில் இருத்தல் வேண்டும். அப்படி நிற்பவர் மீது ஒருவர் தாங்கக்கூடிய சுமைக்கு மேல் ஏற்றலும் ஆகாது. இவ்விரண்டையும் வர்த்தகரின் விருப்பத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது. பொருளியல் பயிலும் நம் மாணவர்கள், ஒரு யந்திரம் எத்தனை பேரின் சம்பளத்தை மிச்சப்படுத்துகின்றது என்று கணக்கிடும்போது, அவ்வேலை யார் கைக்கு மாறியது என்பதையும் சேர்த்தே கணக்கிடுவார்களாக.