வில்லனும் நோயாளியும்

கோடை விடுமுறை வகுப்பில் பிள்ளைகளை ஓவியம் வரையச் சொன்னோம். ஒரு சிறுவன் காமிக்ஸ் வில்லன் ஜோக்கரை வரைந்திருந்தான். பச்சை முடி, வெளுத்த முகம், காதுவரை நீண்ட சிரிப்பு. "இவன் ஏன் கெட்டவன்?" என்று கேட்டோம். "அவன் பைத்தியம், சாமி" என்றான். அந்தப் பதில் நம்மைச் சிந்திக்க வைத்தது.

ஜோக்கர் 1940இல் பேட்மேன் கதைகளில் அறிமுகமானவன். 1974இல் அக்கதைகளில் ஆர்க்கம் என்னும் மனநல விடுதி இடம்பெற்றது. அதன்பின் வில்லன்கள் சிறைக்குப் பதிலாக அங்கே அடைக்கப்பட்டார்கள். தப்பி வந்து மீண்டும் கொலை செய்தார்கள். 1989இல் அந்த விடுதியின் பெயரிலேயே வந்த நூலில் டேவ் மெக்கீனின் ஓவியங்கள், போதையில் காணும் கனவுபோல் உருகி, மங்கி, இருண்டு கிடக்கின்றன.

நம் தமிழிலும் இது உண்டு. 2001 நவம்பரில் வெளியான 'ஆளவந்தான்' திரைப்படத்தில், மனநல மருத்துவமனையிலிருந்து தப்பும் நந்துவாகக் கமல்ஹாசன் நடித்தார். போதையில் அவன் செய்யும் வன்முறை கார்ட்டூன் படமாகவே காட்டப்பட்டது. சிற்றன்னையின் கொடுமையால் சிதைந்த அவன் குழந்தைப் பருவத்தையும் படம் மறைக்கவில்லை. இத்தகைய படைப்புகள் துன்புறும் உள்ளத்துக்குள் நம்மை அழைத்துச் செல்வது உண்மைதான். ஆனால் பார்ப்பவர் மனத்தில் கடைசியில் தங்குவது எது? நோயாளி என்றால் கொலைகாரன் என்ற அச்சமே.

உண்மை வேறு. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. பிறரால் தாக்கப்படும் ஆபத்துதான் அவர்களுக்கு அதிகம். இல்லாத குரல் கேட்பதும், காரணமற்ற சந்தேகமும் நோயின் அறிகுறிகள். தீய குணத்தின் அடையாளங்கள் அல்ல. மருந்தாலும் குடும்பத்தின் ஆதரவாலும் பலர் நலம் பெற்று வாழ்கிறார்கள்.

'ஆளவந்தான்' வெளிவருவதற்கு மூன்று மாதங்களுக்கு முன், 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பற்றியது. 28 பேர் கருகி இறந்தார்கள். சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. திரையில் நோயாளி தப்பி வந்து கொல்கிறான். ஏர்வாடியில் நோயாளிகள் தப்ப முடியாமல் இறந்தார்கள். இவற்றில் எதை நாம் அதிகம் நினைவில் வைத்திருக்கிறோம்?

மாற்கு நற்செய்தி 5ஆம் அதிகாரத்தில் கல்லறைகளிடையே வாழ்ந்த மனிதனையும் ஊரார் சங்கிலியால்தான் கட்டினார்கள். இயேசு அவனிடம் பெயர் கேட்டார். தெளிவு பெற்றவனை அவன் வீட்டாரிடமே அனுப்பினார்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளிகளைச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. ஆனால் அரியலூர் பகுதியின் நம் ஊர்களில், "பேய் பிடித்திருக்கிறது" என்றும், "பெண்ணுக்கு வரன் அமையாது" என்றும் பயந்து, ஒரு நோயாளியைப் பின்கட்டு அறையில் மறைத்துவைத்தால் அதுவும் சங்கிலியே. செபியுங்கள், மருத்துவரிடமும் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் இலவசமாக ஆலோசனை கேட்கலாம்.

பிள்ளைகள் காமிக்ஸ் படிக்கட்டும். ஆனால் "அவன் பைத்தியம்" என்று அவர்கள் சொல்லும்போது அருகில் அமர்ந்து, "அவன் கெட்டவன், ஏனென்றால் கெட்டதைத் தேர்ந்துகொண்டான். நோயாளி எதையும் தேர்ந்துகொள்ளவில்லை" என்று சொல்லிக்கொடுப்போம்.