வட்டக்கோட்டைத் தளபதியின் குலமும் நம் குலமும்

கன்னியாகுமரிக்கு வடகிழக்கே ஏறத்தாழ 6 கி.மீ. தொலைவில் கடலை ஒட்டி நிற்கிறது வட்டக்கோட்டை. அங்கு வருவோரின் காதில் முதலில் விழும் பெயர் டி லனாய். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்து, 1741-ல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மரிடம் சிறைப்பட்டு, பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியானவர். இக்கோட்டையைக் கருங்கல்லால் வலுப்படுத்தியவர். 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைத்த அவருடைய குலம் எது என்று கேட்டால், சான்றுகளுக்கு முன்பாகக் கதைகளே பதிலாக வந்து நிற்கின்றன.

அயல்மண்ணில் போரிட்ட வீரனின் வேரைத் தேடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கக் குதிரைப்படையில் இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் ஜெர்மனியிலும் பிறந்தவர்கள் பலர் இருந்தனர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் முதலில் புரட்டுவது படைச்சேர்ப்புப் பதிவேட்டை. பிறந்த ஊர், வயது, முன்பு செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம் வரை அதில் எழுதப்பட்டிருக்கும். குடும்பத்தில் வழங்கும் பெருமைக் கதையை அந்த ஒற்றை வரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே ஆய்வின் தொடக்கம்.

டி லனாய்க்கு அத்தகைய முதற்சான்று, புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டைக்குள் சிதைந்த தேவாலயத்தில் இருக்கும் கல்லறை. லத்தீனிலும் தமிழிலும் பொறிக்கப்பட்ட அக்கல், அவர் 62 ஆண்டுகள் 5 மாதங்கள் வாழ்ந்து 1777 ஜூன் 1 அன்று இறந்தார் என்கிறது. கணக்கிட்டால் பிறப்பு 1714-ன் இறுதியிலோ 1715-ன் தொடக்கத்திலோ அமைய வேண்டும். நூல்களில் பரவலாகக் காணப்படும் தேதியோ 1715 டிசம்பர் 30. ஓராண்டு இடிக்கிறது. பலரும் எடுத்தெழுதியதாலேயே ஒரு தேதி உறுதியாகிவிடாது என்பதற்கு இதுவே பாடம்.

அருகிலேயே மனைவிக்கும் மகனுக்கும் கல்லறைகள் உள்ளன. மகன் ஜோகன்னஸ் 1765-ல் களக்காட்டுப் போரில் 19 வயதில் இறந்தார். எனவே அவர் பிறந்தது 1745-ஐயோ 1746-ஐயோ ஒட்டி. சிறைப்பட்ட சில ஆண்டுகளுக்குள் தந்தைக்கு இம்மண்ணில் குடும்பம் அமைந்துவிட்டது என்பதை எந்த வரலாற்று நூலின் துணையுமின்றி இக்கற்களே சொல்லிவிடுகின்றன.

பெயரை நம்பிக் குலம் கட்டுவது அடுத்த இடர். லனாய் என்பது வடக்குப் பிரான்சில் லீல் நகரை அடுத்த ஓர் ஊர். அவ்வூர்ப் பெயரைத் தாங்கிய பெருங்குடியில் வந்த சார்லஸ் டி லனாய், 1525-ல் பவியா போரில் பிரெஞ்சு மன்னரின் சரணை ஏற்றவர். அதே பெயர் என்பதால் நம் தளபதியை அக்குடியோடு இணைக்கும் ஆசை எழுவது இயல்பு. ஊர்ப்பெயர் ஒன்றாக இருப்பதால் மட்டும் உறவாகிவிடுமா? நாஞ்சில் நாட்டிலும் ஒரே வீட்டுப்பெயர் உறவில்லாத பல குடும்பங்களுக்கு உண்டு.

சரியான வழி பதிவேடுகளில் உள்ளது. டச்சுக் கம்பெனியின் சம்பளப் பேரேடுகள் ஹேக் நகரின் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. கப்பலேறிய ஒவ்வொருவரின் பெயரும், சொந்த ஊரும், பணி முடிந்த விதமும் அவற்றில் பதிவாயின. இன்று இணையத்திலும் தேடலாம். மலபார் பகுதியின் டச்சு ஆவணங்கள் சென்னையிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலேயே இருக்கின்றன.

என் கவலை இங்கேதான் தொடங்குகிறது. அயலிலிருந்து வந்த தளபதிக்குக் கல்லும் பேரேடும் இருக்கின்றன. அவருடைய ஆணைப்படி வட்டக்கோட்டைக்குக் கல் சுமந்தவர்களும், அவருக்குக் கீழ் போரிட்டவர்களும் நம் முன்னோர். அவர்களை எங்கே தேடுவது? 1956 நவம்பர் 1 அன்று இம்மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. எல்லை மாறியபோது ஆவணங்கள் முழுமையாக உடன் வரவில்லை. பத்மநாபசுவாமி கோயிலின் மதிலகம் ஓலைகள் கேரள ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இங்குள்ள வீடுகளின் பழைய பத்திரங்கள் பலவும் மலையாளத்தில், கொல்லம் ஆண்டுக் கணக்கில் எழுதப்பட்டவை. கொல்லம் ஆண்டோடு 824 அல்லது 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும் என்பதை அறிந்த பெரியவர்களும், அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள்.

பத்திரம் கரையானுக்கு இரையாகும் முன் அதை ஒளிப்படமாக்குவது ஒவ்வொரு குடும்பமும் இன்றே செய்யக்கூடியது. பங்குக் கோயில்களின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளையும், சார்பதிவாளர் அலுவலகங்களின் பழைய தொகுதிகளையும் மின்னுருவாக்குவதும், கல்லூரிகளில் பழைய மலையாள எழுத்துக்குக் குறுகிய காலப் பயிற்சி அளிப்பதும் அரசால் இயலாதவை அல்ல. டி லனாயின் பிறந்த ஆண்டு குறித்து இன்றும் வாதிட முடிகிறதென்றால், அதற்கு அவர் கல்லறையில் எழுத்து இருப்பதே காரணம். நம் முன்னோரைப் பற்றி வாதிடவாவது நம் பிள்ளைகளுக்குச் சில எழுத்துகளை மிச்சம் வைப்போம்.