பண் மறைந்தது; பாட்டு வாழ்கிறது

தாயகத்தைவிட்டு நெடுந்தொலைவில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு கவலை உண்டு. நம் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகின்றனர். ஆயினும், பழஞ்செய்யுள் என்றவுடன் அஞ்சி ஒதுங்குகின்றனர். பழம்பாடல்களை இளையோர் நாவில் மீண்டும் ஏற்றிய ஒரு சீன இசைத்தொகுப்பைப் பற்றி, இக்கவலையோடு சேர்த்து எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

அதனைப் பாடியவர் டெரசா டெங் என்று உலகறிந்த டெங் லிஜூன். சீனப் பெருநிலத்திலிருந்து தைவானுக்குக் குடிபெயர்ந்த ஒரு படைவீரரின் மகளாக, 1953-இல் தைவானின் யுன்லின் மாவட்டத்தில் பிறந்தவர். காதற்பாடல்களால் பெரும்புகழ் பெற்ற அவர், 1983-இல் 'தான்தான் யௌச்சிங்' என்னும் தொகுப்பை வெளியிட்டார். 'உள்ளடங்கிய மென்னுணர்வு' என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். அதிலுள்ள பாடல்கள் 12. அவற்றின் சொற்களோ ஏறத்தாழ எண்ணூறு முதல் ஆயிரம் ஆண்டுகள் பழமையானவை.

அவை 'ட்ஸு' என்னும் வகையைச் சேர்ந்தவை. முன்னரே வழங்கிய மெட்டுக்கு ஏற்பச் சொற்களை அமைப்பதே அவ்வகைப் புலவரின் பணி. காலப்போக்கில் அம்மெட்டுகள் பெரும்பாலும் மறைந்தன. மெட்டின் பெயர் மட்டும் பாட்டின் தலைப்பாய் நின்றது. நம் பரிபாடலின் நிலையும் இதுவே அன்றோ? அதன் பாடல்கள் பலவற்றின்கீழ்ப் பண்ணின் பெயரும், இசை வகுத்தவர் பெயரும் காண்கிறோம். அவ்விசையை இன்று கேட்பதற்கில்லை.

இழந்த மெட்டைத் தேடிக்கொண்டிராமல், இக்கால இசையமைப்பாளர்கள் புதிய மெல்லிசையை அமைத்தனர். பழஞ்சொற்களை எளிமைப்படுத்தவில்லை. டெங்கின் குரலும் ஆரவாரமின்றி, ஒவ்வொரு சொல்லும் விளங்குமாறு, அருகிருந்து பேசுவதுபோல் ஒலிக்கிறது.

தொகுப்பில் மூன்று பாடல்கள் லி யூ என்னும் மன்னருடையவை. தென் தாங் நாட்டின் இறுதி அரசரான அவர், 975-இல் நாட்டை இழந்து, சோங் பேரரசின் தலைநகருக்குச் சிறைகொண்டு செல்லப்பட்டு, 978-இல் மறைந்தார். மற்றொரு பாடல் சு ஷி என்னும் பெரும்புலவர் 1076-இல் இயற்றியது. அரசுப் பணியின்பொருட்டுத் தொலைவில் இருந்த அவர், பல்லாண்டுகளாகக் காணாத தம்பியை நினைந்து, இலையுதிர்கால முழுநிலா இரவில் அதனைப் பாடினார். இதற்கு லியாங் ஹோங்ஜி இசையமைத்தார். வெளியூர்ப் பணியால் உடன்பிறந்தாரைப் பிரிந்துறையும் நமக்கு அவ்வுணர்வை விளக்கவும் வேண்டுமோ?

1980-களின் தொடக்கத்தில், டெங்கின் பாடல்கள் மனத்தைக் கெடுப்பவை என்று சீனப் பெருநிலத்தில் கண்டிக்கப்பட்டன. எனினும் ஒலிநாடாக்கள் கைமாறிப் பரவின. தம் பெற்றோர் பிறந்த அந்நிலத்தில் ஒருமுறையேனும் மேடையேறிப் பாடாமலே, 1995 மே 8 அன்று, தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் 42-ஆம் வயதில் அவர் காலமானார். அவர் செல்லாத ஊர்களுக்கு அவர் குரல் சென்றது. சு ஷியின் அப்பாடலை, பெய்ஜிங்கில் பிறந்த பாடகி ஃபே வோங் 1995-இல் மீண்டும் பாடி வெளியிட்டார். நிலா விழா நாட்களில் அது இன்றும் ஒலிக்கிறது.

செய்யுளை மெல்லிசையாக்கினால் அதன் மதிப்புக் குன்றும் என்று நம்மில் சிலர் கருதலாம். அவ்வச்சத்திற்கும் இடமுண்டு, மெட்டு சொல்லை விழுங்கிவிடலாகாது. ஆயினும், சொல் சிதையாமல், பொருளறிந்து பாடினால், இசை செய்யுளுக்கு வாயிலாகும் என்பதை இத்தொகுப்பு காட்டுகிறது. நம் சங்க விழாக்களில் பிள்ளைகள் பாடுவதற்கு ஆண்டுக்கு ஒரு குறுந்தொகைப் பாட்டையேனும் இசையமைத்துக் கற்பிப்போமாக. பொருளை அவர்கள் பின்னர்த் தாமே கேட்டு வருவர். அப்போது விடைகூற நாமும் அணியமாயிருத்தல் வேண்டும்.