வாழைப்பழத்தில் கதிர்வீச்சா?

"வாழைப்பழத்துல கதிர்வீச்சு இருக்காமே, பிள்ளைக்குக் கொடுக்கலாமா மாமா?" மருமகள் கேட்டதும் திக்கென்று ஆகிவிட்டது. ரசாயனமே போடாத நம்ம தோட்டத்துப் பழம்!

ஊர் இயற்பியல் வாத்தியாரிடம் ஓடினேன். இருப்பது உண்மைதானாம். சாம்பல்சத்து என்கிறோமே பொட்டாசியம், அதில் பத்தாயிரம் அணுவுக்கு ஏறக்குறைய ஒன்று பொட்டாசியம்-40. பூமி உருவானபோதே மண்ணில் இருப்பது. அதன் கருவில் புரோட்டான் 19, நியூட்ரான் 21. இரண்டும் ஒற்றைப்படை, இரண்டிலும் ஜோடியில்லாமல் ஒன்று நிற்கும். அதனால் நிலைக்காது. பெரும்பாலும் ஒரு நியூட்ரான் புரோட்டானாகி, எலக்ட்ரானை வெளியே தள்ளும். இப்போது 20, 20. சாம்பல்சத்து சுண்ணாம்புச்சத்தாகிவிட்டது, கால்சியம்-40! இருப்பதில் பாதி மாறவே 125 கோடி வருஷம்.

நம் உடம்பிலும் இது உண்டு. மிஞ்சும் பொட்டாசியத்தைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடுவதால் சேர்ந்துகொண்டே போகாது.

பேரன் நேற்று இரண்டு பழம் தின்றான்.