போல்ட்டைப் பூட்டிப் பார்க்காதீர்கள்

பூண்டுலோயாவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துப் பங்களாக்கள் இன்னும் நிற்கின்றன. அவற்றின் கூரைக்கும் பலகைத் தட்டுக்கும் நடுவிலோ, பழைய ஸ்டோரின் பின்னறையிலோ, மரக்கறித் தோட்டத்துக்கு மண் வெட்டும்போதோ துருப்பிடித்த ரைபிள் ஒன்று கிடைத்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது அதற்குப் பிறகு நடப்பதைத்தான். போல்ட் கழன்று தனியாகக் கிடக்கும். பார்த்தவர்களில் கைவேலை தெரிந்த ஒருவர், மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, போல்ட்டை உள்ளே தள்ளிப் பூட்டிப் பார்ப்பார். இந்தக் கட்டுரை அந்த ஒரு கையைத் தடுப்பதற்காக எழுதப்படுகிறது.

மலையகத்துக்கு இராணுவ ரைபிள் வந்த வழி பழையது. இலங்கைத் தோட்டத்துரைமார் ரைபிள் படை 1900இல் உருவாகி 1949இல் கலைக்கப்பட்டது. கண்டியைத் தலைமையிடமாகக் கொண்ட அந்தப் படையில் இருந்தவர்கள் தேயிலை, ரப்பர் தோட்டங்களின் ஐரோப்பியத் துரைமார். தென்னாபிரிக்காவின் போயர் போருக்கும் முதலாம் உலகப் போருக்கும் இங்கிருந்து ஆட்கள் போனார்கள். பிரித்தானியப் பேரரசு முழுவதும் அந்தக் காலத்தில் பரவிய ஆயுதம் லீ என்ஃபீல்ட் என்ற .303 ரைபிள். நம் நாட்டுப் பொலிசும் நெடுங்காலம் அதைத்தான் தூக்கித் திரிந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் பொலிஸ் நிலையங்கள் தாக்கப்பட்டபோது ஆயுதங்கள் பறிபோயின. பிறகு முப்பது வருட யுத்தம் வந்தது. ஆகவே எங்கோ ஒரு மூலையில் கிடைக்கும் பழைய ரைபிள் யார் கையிலிருந்து வந்தது என்று கண்டவருக்குத் தெரிய வழியில்லை.

போல்ட் விசயத்துக்கு வருகிறேன். ரவையின் பின்பக்கத்தை அடைத்துப் பிடிக்கும் இரும்புக் கதவு அது. லீ என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனித் துண்டு. உடலோடு திருகிப் பூட்டப்பட்டிருக்கும். தொழிற்சாலையில் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் அதற்கேற்ற போல்ட்டைப் பொருத்திப் பார்த்து, துப்பாக்கியின் இலக்கத்தையே போல்ட் கைப்பிடியின் பின்புறத்திலும் அடித்தார்கள். அந்த இலக்கங்கள் ஒத்துவராத போல்ட் என்றால் அது வேறொரு துப்பாக்கிக்கு உரியது. உள்ளே போகும், திரும்பும், ‘டக்’ என்று மூடவும் செய்யும். ஆனால் மூடியது சரியாக அடைத்ததா என்பதைக் கண்ணாலோ கையாலோ அறிய முடியாது. அதற்கென்று அளவுகோல்கள் உண்டு. அவை இராணுவ ஆயுதத் தொழில்நுட்பவியலாளரிடம்தான் இருக்கும்.

அடைப்பில் மயிரிழை இடைவெளி கூடினாலும் என்ன ஆகும்? .303 ரவை வெடிக்கும்போது உள்ளே எழும் அழுத்தம் ஒரு சதுர அங்குலத்துக்கு 18 தொன்னுக்கு மேல். ரவையின் பித்தளைக் கூடு பின்பக்கம் தாங்கலில்லாமல் இழுபட்டு, அடிப்பகுதிக்குக் கிட்ட அறுந்துவிடலாம். அறுந்தால் கொதிக்கும் வாயுவும் பித்தளைத் துகளும் பின்னோக்கிப் பாயும். சுடுகிறவரின் கண் அதற்கு ஒரு சாண் பின்னால் இருக்கிறது.

போல்ட் மூட மறுத்தால் அரத்தால் ராவிச் சரிசெய்யலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ராவினால் மூடும், ஆனால் அந்த இடைவெளி இன்னும் கூடும். இதைவிட மோசமான நிலையும் உண்டு. ரவையைக் குத்தி வெடிக்கவைக்கும் அடிமுள், பல வருடத் துருவில் முன்பக்கம் நீட்டியபடி இறுகிப்போயிருக்கலாம். அப்போது ஒரு ரவையை வைத்துப் போல்ட்டை மூடினாலே போதும், விசையைத் தொடாமலே வெடிக்கும். ரவை ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்பது துருப்பிடித்த துப்பாக்கியில் வெளியிலிருந்து தெரியாது. பழைய ரவை நேரங்கழித்து வெடிக்கலாம். பாதி வலுவோடு வெடித்து, ரவையின் தலையைக் குழலுக்குள்ளேயே சிக்க வைக்கலாம். அடுத்த ரவை போனால் குழலே பிளக்கும்.

காட்டுப்பன்றி தொல்லை தாங்காமல்தான் பலர் துப்பாக்கியைப் பற்றி யோசிக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. கிழங்கும் லீக்ஸும் போட்டவர் ஓரிரவில் முழுப் பாத்தியையும் இழப்பது சின்ன நட்டமல்ல. ஆனால் இராணுவ ரைபிள் பன்றிக்கு ஆன ஆயுதமல்ல. வேட்டைத் துப்பாக்கியின் சன்னம் சீக்கிரம் வலுவிழந்துவிடும். .303இன் குறிகாட்டியில் 2,000 யார் வரை இலக்கம் குறித்திருக்கிறது. நம் மலையில் ஒரு சரிவில் நின்றால் எதிர்ச் சரிவில் லயம் தெரியும், கொழுந்து எடுக்கிறவர்கள் தெரிவார்கள், பள்ளிக்கூடம் தெரியும். பன்றியைத் தவறவிட்ட ரவை எங்கே போய் நிற்கும் என்று யோசியுங்கள். உரிமமில்லாமல் பட்டறையில் செய்யும் துவக்கும், கம்பி கட்டி வைக்கும் பொறித்துவக்கும் இதே கணக்கில்தான் சேரும். பொறி ஆள் பார்க்காது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்‌ஷபான தோட்டத்தில் சுருக்குக் கம்பியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் செத்துப்போனது. பன்றிக்கு வைத்த எதிலும் வேறு உயிர் மாட்டும். விறகுக்குப் போகும் அக்காவும் மாட்டுவார்.

சட்டம் என்ன சொல்கிறது? அடிப்படை 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிகள் கட்டளைச்சட்டம். வைத்திருக்க உரிமம் வேண்டும். செய்வதற்கும், விற்பதற்கும், பழுதுபார்ப்பதற்கும் அனுமதி வேண்டும். உரிமம் டிசம்பர் 31உடன் முடியும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. தானியங்கித் துப்பாக்கி என்றால் ஆயுள் சிறை வரை போகும். “உடைந்தது, வேலை செய்யாது” என்ற சொல் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். போல்ட்டைப் பூட்டிப் பார்த்தவர், அதை வேலை செய்ய வைக்க முயன்றவராகத்தான் நீதிமன்றத்தில் நிற்பார். பயிர்ப் பாதுகாப்புக்கு உண்மையாகவே துப்பாக்கி வேண்டுமானால் கிராம சேவகர், பிரதேச செயலகம், நுவரெலியா மாவட்டச் செயலகம் என்ற வழியில் விண்ணப்பிக்க வேண்டும்.

இவ்வளவும் தெரிந்தும் ஏன் ஒருவர் பொலிசுக்குச் சொல்லாமல் துப்பாக்கியைக் கழற்றித் துண்டு துண்டாக ஆற்றில் வீச நினைக்கிறார்? சோம்பலால் அல்ல, பயத்தால். இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 1940 ஜனவரி 10 முல்லோயா தோட்டத்தில் பொலிஸ் சூட்டில் தொழிலாளி கோவிந்தன் விழுந்தார். 1977 மே மாதம் நமக்குப் பக்கத்து டெவன் தோட்டத்தில், காணி பறிபோவதை எதிர்த்து நின்றபோது சிவனு லட்சுமணன் சுடப்பட்டு இறந்தார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்த பிறகு சந்தேகத்தின் பேரில் மலையக இளைஞர்கள் பிடிபட்டு வருடக்கணக்கில் உள்ளே இருந்த கதைகள் எல்லா டிவிசனிலும் உண்டு. லயத்துத் தமிழன் வீட்டில் ரைபிள் என்றால் என்ன பெயர் வைப்பார்கள் என்று நினைப்பது வீண் பயமல்ல. ஆனால் ஒளித்து வைப்பதும் உடைத்து வீசுவதும் அந்தப் பயத்தை உண்மையாக்கும் வழிகள். சட்டத்தோடு நின்று செய்ய வேறு வழி இருக்கிறது.

துப்பாக்கியைக் கண்டால் தொடாதீர்கள், பிள்ளைகளை அப்புறப்படுத்துங்கள். கையில் எடுத்துப் பொலிசுக்குக் கொண்டு போகவும் கூடாது. வழியில் மறித்தால் ஆயுதத்தோடு பிடிபட்டவராகிவிடுவீர்கள். கிராம சேவகரையும் தொழிற்சங்கத் தலைவரையும் அழைத்துக் காட்டுங்கள். அவர்கள் முன்னிலையில் 119க்கோ பூண்டுலோயா பொலிசுக்கோ சொல்லுங்கள். நேரம், இடம், உடன் இருந்தவர்கள் பெயர் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். முறைப்பாட்டின் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வாக்குமூலம் தமிழில் எழுதப்பட வேண்டும் என்று கேட்பது உரிமை. சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். துப்பாக்கி ஏற்கெனவே பல காலம் வீட்டில் இருந்திருந்தால் முதலில் சட்டத்தரணி ஒருவரிடம் போங்கள். வசதியில்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அரசு இடையிடையே பொதுமன்னிப்புக் காலமும் அறிவிக்கிறது. 2020 பெப்ரவரி 5 முதல் 12 வரை அப்படி ஒன்று இருந்தது. ரேடியோவில் அப்படி ஒரு அறிவித்தல் வந்தால் அதைத் தவறவிடாதீர்கள்.

யாராவது கைதானால்: காரணத்தைச் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை கட்டளையிடுகிறது. சாதாரணச் சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி ஆஜராகும் உரிமை 2012 விதிகளில் எழுதப்பட்டிருக்கிறது. அடித்தாலோ காரணமின்றி வைத்திருந்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 இலக்கத்துக்கு அழையுங்கள். கண்டியில் அதன் பிராந்திய அலுவலகம் உண்டு. உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போட ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. பலர் வழக்கை இழப்பது நியாயம் இல்லாததால் அல்ல, இந்த ஒரு மாதம் தெரியாததால்.

காயம் பட்டுவிட்டால் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கோப்பித்தூள் அப்பாதீர்கள், சன்னத்தைத் தோண்டாதீர்கள். பொலிசுக்குப் பயந்து வீட்டில் வைத்திருந்து உயிரை விட்டுவிடக் கூடாது.

வாச்சர் வேலை பார்ப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. தோட்ட நிர்வாகம் பழைய துப்பாக்கி ஒன்றைக் கொடுத்து இராக்காவலுக்கு அனுப்பினால், உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இந்த வருடம் புதுப்பித்ததா என்று கேளுங்கள். போல்ட்டைச் சரிசெய்துகொள் என்று யார் சொன்னாலும் செய்யாதீர்கள், எழுத்தில் கேளுங்கள். வேலையில் அடிபட்டால் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டப்படி நட்டஈடு உண்டு. அதன் உச்சத் தொகை 2022இல் 20 இலட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. “துப்பாக்கி உன்னுடையது, நீயே கொண்டு வந்தாய்” என்று பிறகு பேச்சு மாறாமலிருக்க, யார் கொடுத்தார், எந்தத் திகதி என்பதைச் செக்ரோல் ஆபீசில் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் சங்கத்தின் மூலம் கடிதம் கொடுத்துப் பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பா காலமான வீட்டில் அவர் பெயரிலான வேட்டைத் துப்பாக்கி இருக்குமானால், உரிமம் அவரோடு முடிந்துவிட்டது. அது காணி, நகைபோல மகனுக்குத் தானாக வராது. மரணச் சான்றிதழையும் பழைய உரிமத்தையும் எடுத்துக்கொண்டு, துப்பாக்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு, முதலில் பொலிசுக்குப் போய்ச் சொல்லுங்கள். எப்படி ஒப்படைப்பது, மாற்ற முடியுமானால் எங்கே விண்ணப்பிப்பது என்று எழுதி வாங்குங்கள். 31ஆம் நாள் செலவு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம்.